நன்னடத்தை அலுவலர் அறிக்கை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடி பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டில் புகுந்து பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் எடுத்த வழக்கில் என் அக்கா மகன் மாட்டியிருக்கிறான். சாமான் எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது. செய்தது தப்புதான், அதில் இரண்டாம் பேச்சில்லை; அந்த வீட்டு ஆச்சி, ஆயா கல்யாணத்துச் சாமான் என்று அண்டாவில் வெட்டியிருந்த பெயரைத் தடவித் தடவி அழுததை நானே பார்த்தேன். ஆனாலும் முதல் தடவை தப்பு செய்த 20 வயதுப் பையன், ஜெயிலுக்குப் போனால் யாரோடு சேர்ந்து என்னவாகத் திரும்புவானோ என்று பயமாக இருக்கிறது.

1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் (Probation of Offenders Act) 6ஆவது பிரிவுப்படி, 21 வயதுக்குக் கீழ் என்றால், ஆயுள் தண்டனை வரை போகாத குற்றங்களில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடலாமா என்பதை நன்னடத்தை அலுவலரின் (probation officer) அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், சிறைதான் என்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். வயதையும் தீர்ப்பு நாளை வைத்துத்தான் பார்ப்பார்கள், இவனுக்கோ தை பிறந்தால் 21.

அலுவலர் வீட்டுக்கு வந்தால் என்னென்ன விசாரிப்பார்? மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்று தச்சுப் பட்டறை ஆசாரி எழுதித் தந்தால் எடுபடுமா? அப்புறம், ஆச்சிக்கு இழப்பீடு தர நாங்கள் தயார், அதை வக்கீல் மனுவிலேயே சொல்லலாமா? அடுத்த வாய்தாவுக்குள் தெரிந்தால் பெரிய உதவி.