“அதுக்கு எதுக்குப் பங்கு?”

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
என் சித்தப்பாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. எங்கள் பட்டறையில் கொலுசுக்கு மணி கோத்து முடித்ததும் அதை விரல் நுனியில் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார், உள்ளே முத்து சரியாக உருளவில்லை என்றால் தனியே எடுத்து வைத்துவிடுவார், காது கேட்கிற நாங்கள் தவறவிட்டதைக்கூட அவர் விட்டதில்லை. போன வாரம் பாகப்பிரிவினைப் பேச்சில் ஒரு பெரியவர் அவர் எதிரிலேயே, “வாயில்லா ஜீவனுங்க, அதுக்கு எதுக்குப் பங்கு, வேளைக்குச் சோறு போட்டாப் போதாதா” என்றார். ‘அவருக்கு’ இல்லை, ‘அதுக்கு’. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

ஆத்தூர் தமிழாசிரியர்:
ரொம்பப் பழையது தம்பி. புறநானூறு 28-ஆம் பாட்டில் ஊமும் செவிடும் வருகிற அதே பட்டியலில் ‘மா’, அதாவது விலங்கு வடிவப் பிறப்பும் வருகிறது. தொல்காப்பியம் ‘உறுப்பின் கிளவி’, அதாவது உடற்குறையைச் சொல்லும் சொல், மனிதரைக் குறித்தாலும் ‘அது’ என்று அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறது, உரைகாரர்கள் குருடு, முடம் என்று காட்டுவார்கள். ஆனால் அந்த நூற்பாவிலேயே அரசும் குழவியும் (குழந்தை) இருக்கின்றன, அதனால் அதை இழிவு என்று மட்டும் படிக்காதீர்கள். அதே நூலின் மரபியலில் மனிதனுக்கு ஆறாவது அறிவாகச் சொல்வது மனம். வாய் இல்லை. அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மலைக்காற்று, ஏற்காடு:
மேற்கிலும் இதேதான். பிறவிச் செவிடரிடம் குரல் உண்டு, பேச்சு இல்லை என்றார் அரிஸ்டாட்டில். பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் 1637-இல் விலங்கிலிருந்து மனிதனைப் பிரிக்கப் பேச்சைத்தான் கோடாகப் போட்டார், ஆனால் காது கேளாதவர்கள் தாங்களே சைகை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று அவர்களை மனிதர் பக்கமே நிறுத்தினார். அவ்வளவு தெரிந்த பிறகும் 1880-இல் மிலான் மாநாடு செவித்திறன் அற்றோர் பள்ளிகளில் சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது, நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

கோர்ட் பக்கம்:
பெரியவர் சொன்னது அப்படியே மனுஸ்மிருதி. 9-ஆம் அத்தியாயத்தில் பிறவிக் குருடர், செவிடர், ஊமைக்குப் பங்கு கிடையாது, சோறும் துணியும் கொடு என்று இருக்கிறது. இந்து வாரிசுரிமைத் தடைகளை நீக்கிய 1928 சட்டத்தோடு பெரும்பாலும் அது போயிற்று, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவு எந்த உடற்குறையும் பங்கைத் தடுக்காது என்கிறது. சித்தப்பா இல்லாமல் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி சித்தப்பாவிடம் சைகையில் சொன்னேன். உள்ளங்கையை மறு கையால் குறுக்கே வெட்டிக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, “எனக்கும்தானே?” என்று கேட்டார். அன்றைக்கு நடந்த பேச்சு முழுவதும் அவருக்குப் புரிந்துதான் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.