பொழுதுணர்த்தி: ‘ட்சைட்கேபர்’ என்பதற்கு ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம். நம் தூக்கத்தையும் விழிப்பையும் நாள்தோறும் நடத்தும் உடற்கடிகாரத்துக்கு, வெளியிலிருந்து பொழுதைத் தெரிவிக்கும் குறிப்பை ‘ட்சைட்கேபர்’ (Zeitgeber) என்ற ஜெர்மன் சொல்லால் குறிக்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி இங்கே ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘ட்சைட்கேபர்’ என்பதற்கு ‘ஒளித்தூண்டி’ போதும். உடற்கடிகாரத்தை ஓட்டுவது ஒளிதானே?

ஐயா, இதில் ‘தூண்டி’, ‘ஒளி’ இரண்டுமே இடிக்கின்றன.

உடற்கடிகாரம் யாரும் தூண்டாமலே ஓடும். மூளையின் அடிப்பக்கம், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சுமார் 20,000 நரம்பணுக்கள், வெளிச்சமே படாவிட்டாலும் சுழற்சியை விடுவதில்லை. பெரும்பாலோருக்கு அந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதல். அந்தப் பிந்தலைக் காலை வெளிச்சம் தினமும் திருத்துகிறது. இரவில் கண்ணில் படும் வெளிச்சமோ கடிகாரத்தை மேலும் பிந்த வைக்கிறது. முழுப் பார்வையிழந்தவர்கள் பலருக்கு இந்தத் திருத்தம் கிடைக்காததால், தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், சில வாரங்களில் பகலும் இரவும் தலைகீழாகிவிடும். கடிகாரம் நிற்கவில்லை, பொழுது இன்னதென்று அதற்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ‘ஒளி’. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், மாரிமுத்து ஆகியோர் வௌவால்களை வைத்துச் செய்த ஆய்வு 1981-இல் வெளிவந்தது. வெளிச்சம் எட்டாத குகைக்குள் அடைத்து வைத்த வௌவால்கள், அந்தி சாய்ந்ததும் வெளியே பறந்து விடியுமுன் திரும்பும் தம் இனத்தோடு ஒத்தே இயங்கின. வேறு வௌவால்களே இல்லாத குகையில் வைத்தவை தம் போக்கில் விலகிப்போயின. இங்கே பொழுது சொன்னது கூட்டம், ஒளியன்று. நம் மண்ணில் கண்டறிந்த இந்த உண்மைக்கே இடம் தராத சொல்லைத் தமிழில் வைக்கலாமா?

‘நேரங்காட்டி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது கடிகாரத்தையே குறிக்கும். கடிகாரம் உள்ளே இருப்பது. நாம் பெயர் தேடுவது வெளியிலிருந்து அதற்குச் சேதி சொல்வதற்கு.

ஆகவே என் பரிந்துரை: பொழுதுணர்த்தி.

‘பொழுது விடிஞ்சிருச்சு’, ‘பொழுது சாஞ்சிருச்சு’ என்கிறோம். சூரியன், நேரம் இரண்டும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. அதனால் ஒளிக்குரிய முதன்மை போகாது, மற்றவற்றுக்கும் கதவு திறந்திருக்கும்: ஒளிப் பொழுதுணர்த்தி, உணவுப் பொழுதுணர்த்தி, சமூகப் பொழுதுணர்த்தி. அப்புறம், ‘உணரி’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். விழித்திரையில் மெலனாப்சின் நிறமி கொண்ட அணுக்கள் ஒளியுணரிகள். அவற்றில் படும் காலை வெளிச்சம் பொழுதுணர்த்தி. பெறுவது உணரி, தெரிவிப்பது உணர்த்தி.

சொல்லை வாக்கியத்தில் போட்டும் பார்த்தேன் (‘லக்ஸ்’ என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு):

‘வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான், வலுவான பொழுதுணர்த்தி வேண்டுமென்றால் காலையில் வெளியே வாருங்கள்.’

‘குளிர்கால மனச்சோர்வுக்குக் காலையில் அரை மணி நேரம் தரப்படும் 10,000 லக்ஸ் விளக்கொளி, பொழுதுணர்த்தியாகவும் செயல்படுகிறது.’

நோயாளிக்குக் கொடுக்கும் துண்டறிக்கையிலும் இது உறுத்தாது என்றே நினைக்கிறேன். இரவுப்பணி செய்பவர்கள், தூக்கம் கெட்டு மனம் சோர்ந்தவர்கள் படிக்கப்போகும் சொல் இது. அவர்களுக்கு முதல் வாசிப்பிலேயே புரிய வேண்டும்.

ஒன்று பாக்கி. பொழுதுணர்த்திக்கு ஏற்பக் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்வதற்கு ‘பொழுதிசைவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘இசைவு’ சம்மதம் என்ற பொருளுக்குப் போய்விடுமோ என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. ‘பொழுதொத்திசைவு’ நாவில் புரள மறுக்கிறது. மருத்துவர் ஐயாவும் உயிரியல் ஆசிரியர்களும் எதைப் பயன்படுத்துவீர்கள்?