ஆனி ராஸ் அந்தக் குழுவை விட்டது தப்புதானே?

பழைய ரெக்கார்டு:
லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் அண்ட் ராஸ் மூவரைப் பற்றி இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: டேவ் லாம்பர்ட், ஜான் ஹெண்ட்ரிக்ஸ், ஆனி ராஸ் என்ற மூன்று பேர் 1957இல் நியூயார்க்கில் சேர்ந்து, ஜாஸ் ரெக்கார்டுகளில் டிரம்பெட்டிலும் சாக்ஸபோனிலும் வாசித்த சோலோக்களுக்கு (தனி வாசிப்புகளுக்கு) வார்த்தை போட்டு, வாசித்தது வாசித்தபடி பாடினார்கள். இந்த வகைக்கு வோகலீஸ் என்று பெயர். 1962இல் ராஸ் விலகிவிட்டார்.

என் கட்சி இதுதான். ராஸ் என்றால் அந்த ஐந்து வருடம்தான். விலகியது அவர் செய்த பெரிய தப்பு. அதே 1962இல்தான் 'ஹை ஃப்ளையிங்' ஆல்பத்துக்காகக் குழுவுக்குக் கிராமி கிடைத்தது. உச்சியில் நிற்கும்போது யாராவது இறங்குவார்களா? அப்புறம் என்ன செய்தார்? லண்டனில் ஒரு கிளப், சினிமாவில் சின்னச் சின்ன வேடம். மறுப்பவர்கள் வரலாம்.

மூன்றாம் கட்டை:
வந்துவிட்டேன். ஏன் விலகினார் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்களே ஐயா. ஹெராயின். ஊர் ஊராக ஓடியதில் உடம்பு விழுந்துவிட்டது. அந்தப் பழக்கத்தைப் பின்னாளில் அவரே ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார். அந்த ஓட்டத்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் கிராமிக்குப் பக்கத்திலேயே படத்தை மாட்டி மாலை போட்டிருப்பார்கள். விலகியவர் 2020 ஜூலை வரை இருந்தார். தொண்ணூறு முடிய நாலே நாள் பாக்கி.

"ஐந்து வருடம்தான்" என்ற கணக்கும் தப்பு. அவர் வரி எழுதிப் பாடிய 'ட்விஸ்டட்' வந்தது 1952இல், குழு பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்னால். பிரெஸ்டீஜ் ரெக்கார்ட்ஸ் முதலாளி பாப் வைன்ஸ்டாக், ஏதாவது ஒரு ஜாஸ் சோலோவுக்கு வரி எழுத முடியுமா என்று கேட்கிறார். இவர் வார்டெல் கிரே 1949இல் டெனர் சாக்ஸில் வாசித்த ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், மறுநாளே எழுதி முடித்து வந்து நிற்கிறார். தன்னை மனநல மருத்துவர் பைத்தியம் என்கிறார், ஆனால் தனக்குத்தான் மூளை அதிகம் என்று வாதாடும் ஒரு பெண்ணின் பேச்சு அது. ராஸுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம்.

பழைய ரெக்கார்டு:
ஒரே ஒரு பாட்டு! அதையும் பெரிய கூட்டத்திடம் கொண்டுபோனது 1974இல் பாடகி ஜோனி மிட்செல் தன் ஆல்பத்தில் பாடியதுதான். வோகலீஸே ராஸ் கண்டுபிடித்தது இல்லை. எட்டி ஜெஃபர்சனும் கிங் பிளெஷரும் முன்னோடிகள். வைன்ஸ்டாக் கேட்டதே "கிங் பிளெஷர் மாதிரி ஒன்று" என்றுதான்.

தம்பூரா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஜாஸ் அரைகுறை. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஸ்வரஜதி மாதிரி இருக்கிறதே? சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதியில் முதலில் ஸ்வரம், அப்புறம் அதே மெட்டில் சாகித்யம். இதில் என்ன பெரிய அதிசயம்?

மூன்றாம் கட்டை:
நல்ல ஒப்பீடு, ஆனால் பாதி தூரம்தான் வரும். ஸ்வரஜதியின் ஸ்வரங்கள் பாடுவதற்கென்றே, சாகித்யம் உட்காரும்படி கட்டப்பட்டவை. வார்டெல் கிரே வாசித்தது அந்த நிமிடத்தில் கைக்கு வந்தது. அதை ஒருவர் பாடப்போகிறார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சினிமாவில் மெட்டுக்கு வரி எழுதுகிறார்களே, அதைப் போல என்றும் சொல்லலாம். ஆனால் இந்த மெட்டைப் போட்டவர் பாடகருக்கு மூச்சு விட இடம் வைக்கவில்லை. விரல் ஓடும் வேகத்துக்கு நாக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு அசை, அதுவும் பேச்சு மாதிரி அர்த்தத்தோடு. ஒரு மத்தியமகால கல்பனாஸ்வரத்தை ரெக்கார்டில் இருந்து எடுத்து, ஒரு ஸ்வரம்கூட விடாமல் மாமியார் மருமகள் சண்டையாக எழுதிப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

தம்பூரா:
மாமியார் மருமகள் சண்டை என்றதும் புரிந்துவிட்டது. சரி, தொடருங்கள்.

பழைய ரெக்கார்டு:
எழுத்துத் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுத்து என்று வந்தால் குழுவில் பெரும்பங்கு ஹெண்ட்ரிக்ஸுடையது. மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற பாடகர் குழு 1985இல் 'வோகலீஸ்' என்று ஒரு ஆல்பமே போட்டார்களே, அதற்கு வரிகள் அவர்தான். குரல்களை அடுக்கியது லாம்பர்ட். இருவர் கட்டிய வீட்டில் ராஸ் குடிவந்தார்.

மூன்றாம் கட்டை:
இங்கேதான் உங்களைப் பிடிக்கப் போகிறேன். இந்த மூவரின் முதல் ஆல்பம் 'சிங் எ சாங் ஆஃப் பேஸி' எப்படி உருவானது தெரியுமா? கவுண்ட் பேஸியின் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா வாசித்த பாடல்களை ஒரு பெரிய கோரஸை வைத்துப் பாட வைப்பதுதான் லாம்பர்ட்டும் ஹெண்ட்ரிக்ஸும் போட்ட திட்டம். ராஸைக் கூப்பிட்டது அந்தக் கோரஸுக்குப் பேஸி நடையைச் சொல்லிக்கொடுக்க. வந்தவர்கள் தொழில்முறை ஸ்டூடியோப் பாடகர்கள், நோட்டைப் பார்த்துப் பிசிறில்லாமல் பாடக்கூடியவர்கள். ஸ்விங் மட்டும் வரவில்லை. தாளத்தின் மேல் நேராகக் குதிக்காமல் ஒரு நூல் பின்னால் சாய்ந்து விழ வேண்டும், அது காகிதத்தில் எழுதியிருக்காது. கடைசியில் கோரஸை அனுப்பிவிட்டு மூன்று பேருமே எல்லாப் பாகத்தையும் திரும்பத் திரும்பப் பாடி, டேப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார்கள். 1957இல், அந்தக் காலத்து டேப்பில்! ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இரைச்சலும் கூடவே ஏறும்.

அதில் 'ஃபியஸ்டா இன் ப்ளூ' கேளுங்கள். பேஸி குழுவில் பக் கிளேட்டன் வாசித்த டிரம்பெட் சோலோவை ராஸ் பாடுகிறார். பின்னால் உண்மையான வாத்தியம் நாலே நாலுதான்: நாட் பியர்ஸ் பியானோ, பேஸியின் ஆட்களான ஃப்ரெடி கிரீன் கிதார், எட்டி ஜோன்ஸ் பாஸ், சோனி பெய்ன் டிரம்ஸ். மற்ற எல்லாம் தொண்டை. அந்த உச்சஸ்தாயி வரிசையைத் தூக்கிப் பிடிப்பது யார்? லாம்பர்ட்டா? குடிவந்தவர் என்கிறீர்கள். அவர் தாங்கவில்லை என்றால் வீட்டுக்குக் கூரையே கிடையாது.

கொழும்புக்காரன்:
இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், ராஸ் போன பிறகு அந்த இடத்துக்கு யார் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லையே. யோலாண்டே பாவன். கொழும்பில் பிறந்தவர். 1962இலிருந்து குழுவின் பெயரே லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் அண்ட் பாவன்.

தம்பூரா:
பாவனா? தமிழ்ப் பெண்ணா அண்ணா?

கொழும்புக்காரன்:
தம்பி, பெயரில் பவன் மாதிரி ஒலித்தால் இட்லிக் கடை வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர். தமிழர் என்று நான் சொல்லவில்லை. இலங்கைப் பெண். அவ்வளவும் போதும் எனக்கு.

பழைய ரெக்கார்டு:
நன்றி, எனக்குச் சாதகமான சாட்சி. ராஸ் போனார், பாவன் வந்தார், குழு ஓடியது. நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடினார்கள், நியூயார்க்கின் வில்லேஜ் கேட் கிளப்பில் பாடினார்கள். ராஸ் இல்லாமலும் குழு இருந்தது. குழு இல்லாமல் ராஸ்?

மூன்றாம் கட்டை:
எவ்வளவு நாள் ஓடியது? 1964இல் கலைந்துவிட்டது. பாவனோடு வந்த மூன்று ஆல்பமும் மேடைப் பதிவுகள்தான். அடுத்து 1966 அக்டோபரில் கனெக்டிகட் நெடுஞ்சாலையில் பஞ்சரான டயரை மாற்றும்போது லாரி மோதி லாம்பர்ட் போய்விட்டார். ராஸ் விலகாமல் இருந்திருந்தாலும் இன்னும் நாலு வருடம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். இதற்காகவா "பெரிய தப்பு" என்று பஞ்சாயத்து?

கொழும்புக்காரன்:
"மேடைப் பதிவுகள்தான்" என்று அவ்வளவு இலகுவாகத் தள்ளிவிடாதீர்கள். ராஸின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ராஸை எதிர்பார்த்து வந்த சனத்தின் முன்னால் ஏறி நிற்க வேண்டும். பிழைத்தால் மறுபடி பாடிப் பதிய முடியாது. ஸ்டூடியோவைவிட அது சுகமான வேலையா? அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபது வயது. பிறகும் சும்மா இருக்கவில்லை, 1972இல் வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் ஆல்பத்திலும் அவர் குரல் இருக்கிறது.

மூன்றாம் கட்டை:
ஒத்துக்கொள்கிறேன் அண்ணா, அந்த "தான்" என்னுடைய தப்பு.

பழைய ரெக்கார்டு:
சரி, "தப்பு" என்ற சொல்லை நானும் வாபஸ் வாங்குகிறேன். உடம்பு சரியில்லாதவரைக் குற்றம் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ஏழு வயதில் ஹாலிவுட் குறும்படத்தில் பாடியவர், 14 வயதில் எழுதிய பாட்டைப் பாடகர் ஜானி மெர்சரே ரெக்கார்டு போட்டாரே, அப்படிப்பட்டவர். இத்தனையும் முன்னால் இருந்தவருக்குப் பின்னால் என்ன? எழுபதுகளின் நடுவில் வீட்டை இழந்து, திவாலாகி நின்றார். 1973இல் 'தி விக்கர் மேன்' படத்தில் நடிகை பிரிட் எக்லண்டுக்கு வசன டப்பிங். பக் கிளேட்டனுக்கு ஈடு கொடுத்த தொண்டை வேறொருத்தியின் வாயசைப்புக்குப் பேசிக்கொண்டிருந்தது. ஃபியஸ்டாவுக்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி 1962க்கு அப்புறம் ஒன்று காட்டுங்கள்.

மூன்றாம் கட்டை:
1993, இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மனின் 'ஷார்ட் கட்ஸ்' படம். கிளப்பில் பாடும் வயதான ஜாஸ் பாடகி வேடம், பாடுவதும் அவரே. அந்த உச்சஸ்தாயி எல்லாம் போய்விட்டது. குரல் கரகரத்து, பாதி வரியைப் பேசியேவிடுகிறார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் எங்கே விழ வேண்டுமோ அங்கே, அதே ஒரு நூல் பின்னால். எண்பது தாண்டியும் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் ரூம் என்ற கிளப்பில் வாரா வாரம் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தார். அமெரிக்க அரசு 2010இல் ஜாஸ் மாஸ்டர் கௌரவம் கொடுத்தது இந்த நீளத்துக்கும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம்.

பழைய ரெக்கார்டு:
அந்தப் படம் பார்த்திருக்கிறேன். அதை நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். உச்சியில் பாடியவர் கீழே இறங்கிப் பாடுவதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ரசனை வேறு, விடுங்கள். இன்றிரவு மறுபடி போட்டுக் கேட்கிறேன். மனசு மாறினால் நாளைக்கு எழுதுகிறேன், மாறாவிட்டாலும் எழுதுவேன்.

கொழும்புக்காரன்:
கேட்கிறதுதான் கேட்கிறீர்கள், வில்லேஜ் கேட் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள்.