பாப்-அப் அட்டையை மூடினால் கரும்பு வெளியே நீட்டுகிறது: வி மடிப்பில் எங்கே தவறு?

மடிப்புக்கோடு:
பொங்கல் வாழ்த்து அட்டை, திறந்தால் உள்ளே உருவம் எழுந்து நிற்கும் பாப்-அப் வகை. ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தது, மூடிய அளவு 10.5 × 14.8 செ.மீ. உள்ளே நடு மடிப்பின் மேல் வி வடிவில் ஒட்டிய பொங்கல் பானை, இரண்டு ஓரத்திலும் கரும்பு. வி-யின் ஒவ்வொரு கையும் நடு மடிப்புக்கு 45 டிகிரி, நீளம் 5 செ.மீ. பானை உயரம் 7, கரும்பு 11. எல்லாமே 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், அதாவது தாளின் கனம்). திறந்தால் நன்றாக நிற்கிறது. மூடினால் கரும்பு நுனி முக்கால் செ.மீ. வெளியே வருகிறது, அட்டையும் படியாமல் வாயைப் பிளக்கிறது. கரும்பைக் குட்டையாக்காமல் வழி உண்டா?

பசைக்கிண்ணம்:
நீட்டுவது உயரத்தால் மட்டும் இல்லைங்க, கரும்பு ஓரத்தில் இருப்பதால். 45 டிகிரியில், ஒரு புள்ளி நடு மடிப்பிலிருந்து கை வழியாக எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதையும் அதன் உயரத்தையும் கூட்டி 0.7 ஆல் பெருக்குங்கள். மூடும்போது அந்தப் புள்ளி நடு மடிப்பிலிருந்து போய்ச் சேரும் தூரம் அதுதான். உங்கள் கரும்பு நுனி: 5 + 11 = 16, பெருக்கினால் 11.2. அட்டையின் அகலமோ 10.5. பானையின் நடு உச்சிக்கு 7 × 0.7 = 4.9 தான், அதனால்தான் அது தொல்லை தரவில்லை.

கோணத்தை 60 டிகிரி ஆக்குங்கள். அப்போது ஓரத் தூரத்தை 0.87 ஆலும் உயரத்தை 0.5 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 4.35 + 5.5 = 9.85. உள்ளே அடங்கிவிடும். ஆனால் இரண்டு விஷயம். வி தட்டையாவதால் பானையின் குவிவு குறையும். 75 டிகிரிக்கு மேல் போனால் சுவர் மாதிரி ஆகித் தள்ளாடும். அடுத்தது, மூடும்போது உருவம் கைகள் விரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும். 60 டிகிரியில் கரும்பு நுனி வி-யின் முனையிலிருந்து (இரண்டு கையும் சேரும் இடம்) அந்தப் பக்கம் 7 செ.மீ. போகும். அங்கே 7.5 செ.மீ.யாவது விட்டு முனையை வையுங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் நீட்டியது மேலேயோ கீழேயோ நீட்டும்.

மடிப்புக்கோடு:
60 டிகிரியில் வெட்டிப் பார்த்தாயிற்று, கரும்பு உள்ளே போய்விட்டது. வாய் பிளப்பது மட்டும் குறையவில்லை. ஒட்டும் காது (உருவத்தின் அடியில் மடித்து அட்டையில் ஒட்டும் பட்டை) மடிப்பிலும் மேல்தாள் வெடித்து வெள்ளை தெரிகிறது.

நார்த்தாள்:
250-ஐ 250-க்குள் வைத்தால் பிளக்காமல் என்ன செய்யும்? வெளி அட்டை 250 இருக்கட்டும், உருவத்துக்கு 160 முதல் 180 போதும்.

அடுத்து நார் திசை, அதாவது தாளின் இழைகள் ஓடும் திசை. தாளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு எளிதாக வருகிறதோ அந்த மடிப்புக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. வெளி அட்டையில் நார் நடு மடிப்புக்கு இணையாக ஓட வேண்டும். உருவத்தில் கீழிருந்து மேலாக. அப்போது அதன் நடு மடிப்பும் சுத்தமாக விழும், கரும்பும் விறைப்பாக நிற்கும். காது மடிப்பு மட்டும் நாருக்குக் குறுக்கே வரும், வெடிப்பது அங்கேதான். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து இரண்டு தடவை அழுத்திக் கோடு போட்டு, பள்ளம் மடிப்புக்கு வெளியேயும் மேடு உள்ளேயும் வருமாறு மடியுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பசைக்கிண்ணம்:
11 செ.மீ. கரும்பை 160-ல் வெட்டினால் நாலு தடவை திறந்து மூடியதும் நுனி தொங்கும். 180 எடுங்கள், பின்புறம் 4 மி.மீ. அகலப் பட்டை ஒன்று ஒட்டுங்கள்.

வாய் பிளக்க இன்னொரு காரணம், வி-யின் முனை நடு மடிப்பின் மேல் துல்லியமாக உட்காராதது. 1 மி.மீ. விலகினாலும் மூடும்போது தாள் தன் இஷ்டத்துக்குப் புது மடிப்பு போட்டுக்கொள்ளும். அளந்து இரண்டு பக்கமும் ஒட்டாதீர்கள். ஒரு காதை மட்டும் கோட்டில் ஒட்டி, உருவத்தை மூடும் திசையில் மடித்துப் படுக்க வைத்து, மேலே தெரியும் இன்னொரு காதில் பசை தடவி அட்டையை மூடி அழுத்துங்கள். இரண்டாவது காது தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். காது அகலம் 1 செ.மீ., முனைகள் சரிவாக, இரண்டு காதுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. இடைவெளி இல்லையென்றால் அங்கே தாள் குவிந்து மறுபடியும் பிளக்கும்.

நார்த்தாள்:
வெள்ளைப் பசையென்றால் பல்குத்தும் குச்சியால் மெல்லிசாகத் தடவுங்கள். ஈரம் கூடினால் காது ஊறி, முன்பக்க அட்டையில் மேடு தட்டும். டபுள் சைடு டேப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கோணலாக ஒட்டிவிட்டால் கிழிக்காமல் எடுக்க முடியாது. முதல் காதுக்குப் பசை, இரண்டாவதுக்கு டேப்.