குவயட், குவைட் குழப்பம்: விருந்தினருக்கு எழுதும் ஆங்கிலத்தில் உதவி வேண்டும்

உப்புவெளி விடுதி:
எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் நாலு அறை வைத்து நடத்துகிறோம். மே மாதம் தொடங்கினால் வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள். வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவது என் பொறுப்பு. போன கிழமை ஒருவர் சத்தமில்லாத அறை கேட்டார். இருக்கிறது என்று எழுதினேன், விளங்கவில்லை என்று பதில் வந்தது. திரும்ப வாசித்தால், 'குவயட் ரூம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குவைட் ரூம்' என்று கிடக்கிறது. கணினியில் அடித்துப் பார்த்தேன், சிவப்புக் கோடுகூட விழவில்லை. காலைச் சாப்பாடு இலவசம் என்று சொல்லும் 'கொம்ப்ளிமென்டரி'யிலும் நடுவில் ஐ போடுவதா, ஈ போடுவதா என்று கை நின்றுவிடுகிறது. சோடி சோடியாக எழுதி மனப்பாடம் செய்தும் சரிவரவில்லை.

நிலாவெளி ரீச்சர்:
பிள்ளை, இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். அதனால்தான் சிவப்புக் கோடு விழவில்லை.

சோடியாகப் பாடமாக்குவதை முதலில் விடுங்கள். வகுப்பில் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், சோடியாகப் படித்த பிள்ளை பரீட்சையிலும் இரண்டையும் சேர்த்தே குழப்பும். ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடியுங்கள். குவயட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள்: குவ, யட். இரண்டு அசை. 'யட்' என்று காதில் விழுகிற வரிசையிலேயே ஈ முன்னுக்கு, ரீ கடைசியில். அதுதான் அமைதி. மற்றது ஒரே அசையில் முடிந்துவிடும், கடைசி ஈக்குச் சத்தமே இல்லை. 'ஓரளவு', 'மிகவும்' என்று சொல்ல அது.

இலவசத்துக்கும் பாராட்டுக்கும் ஐ. ஆங்கிலத்தில் ஐ என்றால் நான், 'நான் தருகிறேன்' என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஈ போட்டால் ஒன்றை இன்னொன்று நிறைவாக்குவது, இடியப்பத்துக்குச் சொதி மாதிரி. 'கொம்ப்ளீட்'டில் வருகிற அதே ஈ.

கொப்பிக்கடை:
ரீச்சர், எங்கள் கடைப் பலகையில் 'ஸ்டேஷனரி'க்கு ஈ போட வேண்டிய இடத்தில் ஏ போட்டு எழுதி, ஆறு மாதம் ஒருவரும் கவனிக்கவில்லை. ஓ.எல். படிக்கிற பிள்ளை ஒன்று கொப்பி வாங்க வந்து காட்டித்தான் தெரிந்தது. ஏ போட்ட சொல், ஈ போட்ட சொல் இரண்டுக்கும் ஏன் ஒரே சத்தம்?

நிலாவெளி ரீச்சர்:
வேர் ஒன்று, அதுதான். முந்தி இங்கிலாந்தில் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை ஸ்டேஷனர் என்றார்கள். லண்டனில் அவர்களின் சங்கத்துக்கு 1557இல் அரச சாசனமே கிடைத்தது. ஸ்டேஷனர் ஈ, ஆர் என்று முடியும். அவர் விற்கிற கொப்பி, பேனைக்கும் அதே ஈ. ஏ போட்டால் அசையாமல் நிற்பது, கொட்டியாரக் குடாவில் நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி.

கொப்பிக்கடை:
நன்றி ரீச்சர். பலகையைத் திருத்தக் கொடுக்கிறேன்.

உப்புவெளி விடுதி:
மிச்சம் நன்றி ரீச்சர். திருத்தி அனுப்பினேன், அவர் மூன்று இரவுக்கு அறை எடுத்துவிட்டார். இன்னும் ஒன்று. சாப்பாட்டுப் பட்டியலில் வட்டிலப்பத்துக்கு மேலே 'டெசேர்ட்' என்று போட வேண்டும். எத்தனை எஸ்?

நிலாவெளி ரீச்சர்:
இரண்டு. ஒன்று போட்டால் பாலைவனம். பட்டியலை அச்சுக்குக் கொடுக்க முதல் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.