‘ஸ்லாக்’குக்கு ஒரு சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

சொல்தேடி:

அன்புள்ள குழுவினருக்கு,

முதலாண்டு ஆய்வு மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வு வேலைகளை எந்த வரிசையில் அடுக்குவது, எது எங்கே கெட்டுப்போகும் என்று முன்கூட்டிப் பார்ப்பது, இவைதான் பொருள். ஆறு இயல் முடிந்தது. ஏழாவதில் ‘ஸ்லாக்’ என்ற சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. நேர்காணல் தொடங்குமுன் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வர வேண்டும். அதற்கு 8 வாரம். அந்த நேரத்தில் மாணவி கேள்விகளை எழுதுகிறாள், 2 வாரம். அது முடிந்ததும் பகுப்பாய்வு மென்பொருளைப் பழகுகிறாள், 3 வாரம். ஆக 5. இந்தப் பக்கம் இன்னும் 3 வாரம் இழுத்தாலும் நேர்காணல் தொடங்கும் நாள் நகராது. அந்த 3 வாரத்துக்குத்தான் பெயர் வேண்டும். ‘ஃப்ளோட்’ என்றும் சொல்வார்கள்.

எழுதி அடித்தவை: தளர்வு, மிதவை, ஓய்வுநேரம், உபரிக்காலம்.

கணக்கன்:

சாவகாசம். அவ்வளவுதான், அடுத்த இயலுக்குப் போங்கள்.

வேர்ப்பித்தன்:

அன்பரே, அவ்வளவு சாவகாசமாக முடிக்க முடியாது. அது ‘அவகாசம்’ என்ற வடசொல்லின் முன் ஒரு சகரம் ஒட்டி வந்தது. கலைச்சொல் ஆக்கும்போதாவது நம் வேர்களைத் தொட்டுப் பார்க்கலாமே.

என் பரிந்துரை ‘நெகிழ்காலம்’. நெகிழ் என்பது ஞெகிழ் என்றும் வரும். இறுக்கம் குறைவது. அகப்பாடல்களில் தலைவியின் வளை நெகிழ்வது எதனால்? போனவன் சொன்ன நாளில் திரும்பாததால்! கால அட்டவணை தவறியதற்கும் இந்தச் சொல்லுக்கும் இரண்டாயிரம் ஆண்டு உறவு இருக்கிறது. குறுந்தொகை 66 இன்னும் சுவை. கார்காலத்தில் வருவேன் என்று சொன்னவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தோழி என்ன சொல்கிறாள்? இது கார் அல்ல, காலம் அல்லாத காலத்தில் பெய்த வம்பமாரி; அதைக் கார் என்று நம்பிப் பூத்த கொன்றைதான் மடமை உடையது என்கிறாள்.

கணக்கன்:

ஐயா, கெடு தாண்டிய பிறகு, கெடுவே இன்னும் வரவில்லை என்று நிறுவுகிற கடிதம் அது. ஆய்வு மாணவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய பாட்டு. ஆனால் பாட்டில் வளை நெகிழ்வது தாமதம் நடந்த பிறகு. ஸ்லாக் இருந்தால் தாமதம் யாரையும் சுடாது. பொருள் தலைகீழாகிறது.

வேர்ப்பித்தன்:

‘கெடு’ என்றீர்களே, அதுவும் தெலுங்கின் ‘கடுவு’ம் உறவா என்பது தனி ஆராய்ச்சி. பிறகு எழுதுகிறேன்.

வகுப்பறை:

வணக்கம். ஆராய்ச்சி முறையியல் வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

‘ஓய்வுநேரம்’ என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்தேன். கேட்ட பிள்ளைகள் முதல் வாரமே ஓய்வெடுத்துவிட்டார்கள். சாவகாசமும் அதே வழியில்தான் போகும். ‘சாவகாசமா செய்’ என்றால் அவசரப்படாதே என்று பொருள். இங்கே நான் சொல்ல வேண்டியது வேறு: அவசரப்பட்டுத் தொடங்கு, தவறினால் இவ்வளவுதான் இடம் இருக்கிறது. நெகிழ்காலம் என்றால் ‘எப்போது வேண்டுமானாலும் வரலாம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு நெகிழி என்று பிளாஸ்டிக்குக்கும் சொல்லிவிட்டோம்.

இன்னொன்று. சொல்தேடி சொன்ன 3 வாரம் கேள்வி எழுதுவதற்குத் தனியாக 3, மென்பொருளுக்குத் தனியாக 3 என்று இல்லை. இரண்டுக்கும் சேர்த்தே 3. கேள்வி எழுதுவதிலேயே அதைத் தின்றுவிட்டால் மென்பொருளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ‘3’ என்று அட்டவணையில் பார்க்கிற பிள்ளை 6 வாரம் இருப்பதாகக் கணக்குப் போடுகிறது. சொல் இந்த மயக்கத்தை வளர்க்கக் கூடாது. அதனால் ‘கையிருப்பு’ மாதிரி சொந்தம் கொண்டாடுகிற சொல்லும் வேண்டாம்.

தென்றல்:

அன்புடையீர், ஸ்லாக்குக்குப் போகுமுன் ஒரு கேள்வி. பிளானுக்கும் திட்டம், புராஜெக்ட்டுக்கும் திட்டம் என்றால் புராஜெக்ட் பிளான் என்னவாகும், திட்டத்தின் திட்டமா? நாங்கள் இலங்கையில் புராஜெக்ட்டைச் செயற்றிட்டம் என்போம். செயல் முன், திட்டம் பின். லகரமும் தகரமும் றகரமாயின. குழப்பமே இல்லை.

சொல்தேடி:

நூலில் ‘ஆய்வுப்பணி’ என்று போட்டுத் தப்பித்துக்கொண்டேன். செயற்றிட்டம் என்று எழுதினால் இங்கே பலர் ஆக்‌ஷன் பிளான் என்றுதான் படிப்பார்கள்.

தென்றல்:

சரி. கிரிட்டிக்கல் பாத்துக்கு, அதாவது ஒரு நாளும் தவறக் கூடாத வேலைத்தொடருக்கு, என்ன போட்டீர்கள்?

சொல்தேடி:

‘மாறுநிலைப் பாதை’. இயற்பியலில் கிரிட்டிக்கல் என்றால் மாறுநிலைதானே. எனக்கே பிடிக்கவில்லை. அங்கே எதுவும் நிலை மாறவில்லை.

தென்றல்:

எங்கள் பாடநூலில் கிரிட்டிக்கல் ஆங்கிள் அவதிக்கோணம். அவதி என்றால் எல்லை. அவதிப் பாதை என்று வையுங்கள்.

கணக்கன்:

அவதிப் பாதை! ஒரு நாள் தவறினாலும் மொத்த ஆய்வும் ஒரு நாள் தள்ளிப்போகிற பாதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. என் வாக்கு உண்டு.

வேர்ப்பித்தன்:

அவதியும் வடசொல்தான். மலையாளத்தில் அது விடுமுறையும் ஆகும். எல்லை, துன்பம், விடுமுறை என மூன்று பொருளில் ஒரு சொல்லை நட்டுவைத்தால் மாணவன் எதை அறுவடை செய்வான்?

வகுப்பறை:

மூன்றும் முனைவர் பட்டத்தில் வருவதுதானே ஐயா.

(மன்னிக்கவும். ‘நெடும்பாதை’ என்றாலே போதும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை போகிற வழிகளில் அதிக நாள் பிடிப்பதுதான் அது.)

கணக்கன்:

ஸ்லாக்குக்கு ஆங்கிலத்திலேயே ஒற்றைச் சொல் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். 1950-களின் பிற்பகுதியில் இரண்டு குழுக்கள் தனித்தனியே, வேலைகளை இப்படி அடுக்கிக் கணக்கிடும் முறையை உருவாக்கின. டியூபான்ட் நிறுவனத்தின் பக்கம் ஃப்ளோட் என்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைப் பணியில் பிறந்த பெர்ட் முறையில் ஸ்லாக் என்றார்கள். இன்றுவரை இரண்டும் புழங்குகின்றன. நாம் மட்டும் ஒரே நாளில் ஒற்றைச் சொல்லுக்கு வந்துவிட வேண்டும் என்று ஏன் துடிக்கிறோம்?

சொல்தேடி:

ஏனென்றால் திங்கட்கிழமை.

வேர்ப்பித்தன்:

நூலில் ரிஸ்க்குக்கு ‘இடர்’ என்று போட்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். இடர் வந்துவிட்ட துன்பம். ரிஸ்க் வரக்கூடியது. வள்ளுவர் வினைத்திட்பத்தில் ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்கிறார் (662). ஊறு வராமல் விலக்குவது ஒன்று, வந்தபின் தளராமல் இருப்பது இன்னொன்று. உங்கள் ஏழாம் இயல் முழுவதும் இந்த ஒரே அடியில் அடங்கிவிடும். ‘ஊறு மேலாண்மை’ என்று துணிந்து எழுதுங்கள்.

வகுப்பறை:

ஊறு என்றால் பிள்ளைகளுக்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வரும்.

கணக்கன்:

ஐஎஸ்ஓ 31000 தரநிலை, நோக்கங்களின் மேல் நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு என்றுதான் ரிஸ்க்கை வரையறுக்கிறது. அதில் நல்ல விளைவும் அடக்கம். அப்படிப் பார்த்தால் இடரும் போதாது, ஊறும் போதாது. ஆனால் மாணவனுக்கு ஒப்புதல் தாமதமாவது, நேர்காணலுக்கு ஒத்துக்கொண்டவர் கடைசியில் பின்வாங்குவது, தரவு இருந்த வன்தட்டு செத்துப்போவது, இதெல்லாம் இடர்தான். விட்டுவிடுங்கள்.

வேறு ஒன்றையும் கவனியுங்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 37 மாணவர்களிடம் இளங்கலை ஆய்வேடு எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார்கள். சராசரி மதிப்பீடு 33.9 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள், 48.6 என்றார்கள். உண்மையில் ஆனது 55.5. அதாவது மாணவர் போடும் 2 வாரம், 3 வாரமே நம்பத்தக்கது அல்ல. அதிலிருந்து கழித்து வருகிற ஸ்லாக் காகிதத்தில் மட்டும் இருப்பது. அதனால்தான் தனியாக பஃபரும் வைக்கிறார்கள். ஸ்லாக் கணக்கில் தானாக மிஞ்சுவது, பஃபர் நாமே ஒதுக்கிவைப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்துவிடாதீர்கள்.

சொல்தேடி:

பஃபருக்குக் ‘காப்புக்காலம்’ எழுதிவிட்டேன். யாரும் இப்போது கேள்வி கேட்க வேண்டாம்.

தென்றல்:

‘இந்த வேலை எத்தனை நாள் தாமதம் தாங்கும்?’ என்றுதானே பேச்சில் கேட்போம்? அப்படியானால் ‘தாங்குகாலம்’?

வகுப்பறை:

இது நன்றாக இருக்கிறது! கேட்டவுடன் புரிகிறது. ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. தாங்கும் அளவு தாண்டினால் முறியும் என்ற எச்சரிக்கையும் உள்ளேயே இருக்கிறது. சேர்த்துக் கணக்கிடுவது மொத்தத் தாங்குகாலம். அடுத்த வேலையைத் தள்ளாமல் ஒரு வேலை தாங்குவது தனித் தாங்குகாலம். நம் கணக்கில் கேள்வி எழுதுவதற்கு மொத்தம் 3, தனி 0. மென்பொருளுக்கு இரண்டுமே 3.

வேர்ப்பித்தன்:

தாங்குவது காலம் அல்ல, வேலை. தாமதத்தைத் தாங்குகிற காலம் என்று விரித்தால் அது காப்புக்காலத்துக்குத்தான் பொருந்தும். நீங்களே வேறுபடுத்தச் சொன்ன இரண்டும் மறுபடி ஒன்றாகின்றன. சொல்லாக்கத்தில் அவசரம் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

சொல்தேடி:

ஐயாவின் மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவு பதினொன்றரை. எண்ணிப் பார்த்ததில் தாங்குகாலத்துக்கு ஐந்து பேர், சாவகாசத்துக்கு இரண்டு, நெகிழ்காலத்துக்கு ஒருவர். தாங்குகாலம் என்று போட்டு அனுப்புகிறேன். முதல் முறை வருமிடத்தில் அடைப்புக்குறிக்குள் ஸ்லாக். கிரிட்டிக்கல் பாத் நெடும்பாதை. அனைவருக்கும் நன்றி.

சொல்தேடி (வியாழக்கிழமை):

மெய்ப்பு வந்தது. மெய்ப்புப் பார்த்தவர் எல்லா இடத்திலும் ‘தாங்குக்காலம்’ என்று ஒற்றுப் போட்டு வைத்திருக்கிறார். உதவி.

வேர்ப்பித்தன்:

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுகாடு, சுடுக்காடு அல்ல. தாங்கிய காலம், தாங்குகிற காலம், தாங்கும் காலம் என முக்காலமும் அதனுள் தொக்கி நிற்கிறது. ஒற்று இட்டால் அத்தனையும் போகும். சொல் எனக்கு உடன்பாடில்லை என்பது வேறு; பிழையாக அச்சேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்தச் செய்தியை அப்படியே அவருக்கு அனுப்புங்கள். ‘நெகிழ்’ பற்றிய என் இரண்டாம் பகுதி நாளை.

வகுப்பறை:

இன்று வகுப்பில் தாங்குகாலத்தைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். முடிந்ததும் ஒரு பிள்ளை கையைத் தூக்கிக் கேட்டது: “மேடம், இந்த ஸ்லாக் எத்தனை வாரம் தாங்கும்?”