மரமேறும் கால் ஸ்பைக்: எந்த மரத்தில் மாட்டலாம், முள்ளை எப்படித் தீட்டுவது?

கேள்வி: அருமனை இளைஞன்

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் அருமனை வட்டாரத்தில், வீட்டையும் மதிலையும் ஒட்டி நிற்கும் மரங்களை மேலிருந்து துண்டு துண்டாக வெட்டி இறக்கும் வேலையைச் செய்துவருகிறேன். களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை, வெள்ளறடைப் பக்கங்களிலிருந்தும் அழைப்பு வருவதுண்டு. இதுவரை ஏணியையும் கயிற்றையும் மட்டுமே நம்பியிருந்தேன். அண்மையில், கேரளத்தில் மின்கம்ப வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து, காலில் மாட்டும் ஸ்பைக் ஒரு ஜோடியைப் பழைய விலைக்கு வாங்கினேன். காலோடு வாரால் கட்டும் இரும்புத் தண்டு அது; அடியில் பாதம் வைக்க மிதியும், உட்பக்கம் மரத்தில் குத்தி நிற்கும் முள்ளும் இருக்கும். பட்டுப்போன அயனி மரம் ஒன்றை வெட்டி இறக்கும்போது அது நன்றாகப் பிடித்தது. ஆனால் மூத்த புளியிலும் நாட்டு மாவிலும் ஏறினால், முள் பட்டையைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. முள்ளின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் இருக்கும். முனை சற்று மழுங்கியிருக்கிறது.

பட்டறையில் கொடுத்து கிரைண்டரில் தீட்டிக்கொள்ளலாமா என்பது என் முதல் கேள்வி. மரத்தை வெட்ட வேண்டாம், கிளையை மட்டும் கழித்துத் தந்தால் போதும் என்று கேட்பவர்களின் மா, பலா மரங்களிலும், தேங்காய் பறிக்கத் தென்னையிலும் இதை மாட்டி ஏறலாமா என்பது இரண்டாவது. ஏறலாம் என்று சிலரும் கூடவே கூடாது என்று சிலரும் சொல்கிறார்கள். காரணத்தை யாரும் விளக்கவில்லை. வார்கள் தோலால் ஆனவை. மழைக்காலத்தில் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது. அதற்கும் வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

பதில்: குழித்துறைக் கரை

தம்பி, கிரைண்டரை அந்த முள்ளின் அருகே கொண்டுபோகவே வேண்டாம். முள்ளின் எஃகு, பக்குவமாகச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதம் கொடுக்கப்பட்டது. கிரைண்டர் கல் பட்டதும் மெல்லிய முனை சில விநாடிகளில் நீலம் பாயும் அளவுக்குச் சூடாகி, அந்தப் பதம் போய்விடும். பதம் போன முனை பார்வைக்குக் கூர்மையாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் முழு எடையும் அதன்மேல் இறங்கும்போது வளையும், அல்லது விரைவில் மழுங்கும்.

கை அரத்தால் தீட்டுவதே முறை. இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே ஸ்பைக்கின் தண்டை வைத்து, வைஸில் அசையாமல் இறுக்குங்கள். நைஸ் அரத்தை எடுத்து, முள்ளின் அடியிலிருந்து முனையை நோக்கி, நீளவாக்கில், ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. தொழிற்சாலையில் கொடுத்த சரிவும் தடிமனும் மாறாமல், மழுங்கல் நீங்கும் அளவுக்கு மட்டும் இரும்பை எடுத்தால் போதும். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: மழுங்கிய இடம் சிறு வெள்ளிக்கோடாக மின்னும், அரம் சரியாகப் பட்டதும் அந்த மின்னல் மறையும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஊசிபோல் ஆக்கிவிட்டால் முள் மரத்தில் அளவுக்கு மீறி ஆழமாக இறங்கி, ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டிவரும். முனை ஒடியவும் கூடும். முனைக்குச் சற்றுப் பின்னால் சிறு தோள் போன்ற பருமன் இருக்கத்தான் வேண்டும். முள்ளின் வடிவத்தைச் சரிபார்க்க, தயாரிப்பாளர்கள் தகட்டாலான அளவுகோல் ஒன்றை விற்கிறார்கள். அடிக்கடி தீட்டுபவர் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கண்ணளவு நாளடைவில் ஏமாற்றிவிடும்.

தீட்டியபின் சோதித்துப் பார்க்காமல் ஏறாதீர்கள். மென்மையான மரப்பலகை ஒன்றைத் தரையில் கிடத்தி, முள் பலகையைத் தொடும்படி ஸ்பைக்கை அதன்மேல் படுக்கவைத்து, கையால் அழுத்தாமல், அதன் சொந்த எடையிலேயே முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கூர்மையான முள் ஓர் அங்குலம் நகர்வதற்குள் பலகையில் குத்தி நின்றுவிடும். மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும். அதன்பின் காலில் மாட்டி, நிலத்திலிருந்து ஓரடி உயரத்துக்குள்ளேயே முள்ளை மரத்தில் சற்றே பதித்து, அதன்மேல் மெல்ல எடையை இறக்கிப் பாருங்கள். இரண்டு அங்குலம் சரிவதற்குள் மரத்தைக் கடித்துப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் தொலைத்தொடர்புத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள், வேலை நாள் ஒவ்வொன்றிலும் ஸ்பைக்கைப் பார்வையிடவும், பயன்பாட்டில் இருக்கும்போது வாரம் ஒரு முறையாவது இவ்வாறு பிடிப்பைச் சோதிக்கவும் சொல்கின்றன. நம் ஊரில் இதைச் சட்டமாக்கி யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும், சோதனைக்கு ஆகும் நேரம் மிகச் சிறிது.

ஆனால் உங்கள் சிக்கலுக்கு மழுங்கல் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் வாங்கியது கம்பம் ஏறுவதற்கான ஸ்பைக். கம்பத்துக்குப் பட்டை கிடையாது என்பதால் அதன் முள் குட்டையாக இருக்கும். மரத்துக்கென்று செய்த ஸ்பைக்கின் முள் இரண்டரை அங்குலம் வரையிலோ அதற்குச் சற்று மேலாகவோ நீளும். மூத்த புளியின் தடித்து வெடித்த பட்டையில் குட்டை முள் குத்தினால், அது உள்மரத்தை எட்டாமல் பட்டையோடு நின்றுவிடும். பட்டை பெயரும்போது நீங்களும் சேர்ந்து இறங்குவீர்கள். பட்டுப்போன அயனியில் பட்டை பெரும்பாலும் உதிர்ந்திருக்கும், முள் நேரே மரத்தைப் பிடித்திருக்கும். நான் சொன்ன அதே விதிகள், கம்ப ஸ்பைக்கை மாட்டிக்கொண்டு மரத்தில் வேலை செய்யக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆகவே இந்த ஜோடியைத் தீட்டுவதைவிட, நீள முள் உள்ளதைத் தேடுவதே உங்களுக்கு முதல் வேலை.

ஏறும் நிலையையும் கவனியுங்கள். பயம் வந்தால் உடம்பு மரத்தைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். அதுதான் முள்ளை உருவிவிடும். முழங்கால் மரத்தை விட்டு விலகியிருந்தால்தான் முள் சாய்வாக உள்ளே போய் நிற்கும். இடுப்பு பெல்ட்டிலிருந்து மரத்தைச் சுற்றிவரும் கயிற்றில் பின்னோக்கிச் சாய்ந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து ஏறுங்கள். செயின்சாவை இயக்கும் இடத்தில் அந்த ஒரு கயிறு மட்டும் போதாது. தனியாக மற்றொரு பிடிப்பு வேண்டும். உள்ளே எஃகுக் கம்பி வைத்த கயிறானாலும் செயின்சா அதை அறுத்துவிடும்.

பதில்: தென்னந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அதன் விளைவை அனுபவிப்பவர்கள் என்னைப் போன்ற தோப்புக்காரர்கள். நிற்க வேண்டிய மரத்தில் ஸ்பைக்கை மாட்டாதீர்கள், தம்பி. வெட்டி அகற்றப்போகும் மரத்துக்கு மட்டுமே அது உரியது.

மா, பலா போன்ற மரங்களில் பட்டைக்குச் சற்று உள்ளேதான் மரத்தைப் பருக்கவைக்கும் உயிருள்ள மெல்லிய அடுக்கு இருக்கிறது. முள் ஒவ்வொரு முறையும் அதைத் துளைத்துக்கொண்டுதான் போகும். மரத்தின் காயம் நம் தோலைப்போல் ஆறிப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அமெரிக்க வனத்துறையில் ஆய்வு செய்த அலெக்ஸ் ஷிகோ 1977-இல் விளக்கியபடி, மரம் கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி, அதன்மேல் புதிதாக வளர்கிறது. துளைபட்ட இடம் உள்ளே அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு துளையை ஒரு மரம் தாங்கும். ஆண்டுதோறும் கிளை கழிக்க ஏறி, அடிமரம் முழுவதும் இரண்டு வரிசையாகத் துளையிட்டால், ஒவ்வொன்றும் பூசணத்துக்கும் பூச்சிக்கும் வாசலாகிறது. ரப்பரில் சொல்லவே வேண்டாம்: பால் வெட்டும் பட்டையையே துளைத்துவிட்டால் அந்த இடம் பிறகு சரியாகப் பால் தராது.

தென்னையின் நிலை இன்னும் மோசம். தென்னையும் பனையும் புல்லின் இனத்தோடு சேர்ந்த ஒருவித்திலைத் தாவரங்கள். பருக்கவைக்கும் அடுக்கு அவற்றில் இல்லாததால் காயத்தின்மேல் புதிய பட்டை வளர்ந்து மூடுவது என்பதே கிடையாது. நாற்பது ஆண்டுக்கு முன் அரிவாள் பட்ட வடுவை இன்றும் தண்டில் காணலாம். அதைவிட முக்கியமாக, சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடுவது இத்தகைய புதுக் காயங்களைத்தான். காயத்தின் வாசனை அதை இழுத்துவரும். புழு தண்டுக்குள் குடைந்து போகும். வெளியே அடையாளம் தெரியும்போது மரத்தைக் காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். செம்பழுப்பு நீர் கசியும் தண்டுக் கசிவு நோயும் வெடிப்பு, காயம் வழியாகவே நுழைகிறது. வேர் வாடல் நோய் மட்டும் பூச்சிகள் வழியே பரவுவது. அந்தப் பழியை ஸ்பைக்கின்மேல் போட வேண்டியதில்லை.

தென்னைக்கு நம்மிடம் நல்ல வழிகள் இருக்கின்றன. தளைநார் (இரண்டு பாதத்தையும் பிணைக்கும் நார் வளையம்) போட்டு ஏறுபவர்கள் தண்டில் ஒரு கீறல்கூட விடுவதில்லை. பழகாதவர்களுக்குக் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான, இரண்டு காலும் வைத்து மிதித்து ஏறும் கருவி இருக்கிறது. அது கம்பி வளையத்தால் தண்டை இறுக்கிப் பிடிக்குமே தவிரத் துளைக்காது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியில் கருவியால் ஏறுவதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். பாதுகாப்பு பெல்ட்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: அருமனை இளைஞன்

அண்ணாச்சிமார் இருவருக்கும் நன்றி. தென்னையில் மாட்டுவதில்லை என்று இப்போதே முடிவெடுத்துவிட்டேன். ஆனால் மூத்த மாமரங்களில் முதல் கிளையே ஏணிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதே, அங்கே ஸ்பைக் இல்லாமல் எப்படி ஏறுவது? ஏறியபின் துளைகளில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசண மருந்து) பூசிவிட்டால் குற்றம் தீருமா?

பதில்: கூடலூர் மழை

பசை பூசுவதால் துளை மறையாது. மேல்மட்டத்துப் பூசணத்தைச் சிறிது தடுக்கலாம், அவ்வளவுதான். அடிமரம் முழுக்கத் துளையிட்டு ஒவ்வொன்றையும் தேடிப் பூசுவதைவிட, துளையிடாமல் ஏறுவது எளிது.

நான் தேயிலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழல் மரங்களைக் கழிக்கும் வேலையில் இருப்பவன். மிளகுக் கொடி சுற்றிய மரத்தில் ஸ்பைக்கை மாட்டினால் மரத்தோடு கொடியும் போய்விடும் என்பதால், எங்களுக்கு எறிகயிறுதான் துணை. 300 முதல் 400 கிராம் எடையுள்ள மணற்பை ஒன்றை வழுக்கும் மெல்லிய நூற்கயிற்றில் கட்டி, வலுவான கிளைக்கவட்டின் மேலாக எறிய வேண்டும். பை மறுபக்கம் இறங்கியதும் அந்த நூலில் ஏறுகயிற்றைக் கட்டி இழுத்துவிடலாம். ஏறுவதற்குமுன் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் கிளையைச் சோதியுங்கள். கவடு பட்டுப்போனதா, புழு அரித்ததா என்பதைக் கீழிருந்தே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மா மரத்தில் உள்ளே உளுத்த கிளையும் வெளியே பச்சையாகத் தெரியும். எறியும் கை பழகச் சில வாரம் ஆகும். பழகிவிட்டால் ஸ்பைக்கைவிட வேகமாக மேலே போகலாம்.

வெளிநாட்டு மரப்பராமரிப்பு நெறிகளும் கழிக்கும் வேலையில் ஸ்பைக்கைத் தவிர்க்கவே சொல்கின்றன. மேலே மாட்டிக்கொண்ட ஒருவரை இறக்கும் அவசரம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உயிரா பட்டையா என்று வந்தால் தயங்காமல் மாட்டி ஏறுங்கள். அதனால்தான், கிளை கழிக்கும் நாளிலும் ஒரு ஜோடி ஸ்பைக்கும், அதை மாட்டி ஏறத் தெரிந்த ஒருவரும் மரத்தடியில் இருக்க வேண்டும் என்கிறேன்.

வார் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் மழையைத் தோல் தாங்காது. நனைந்த வாரை ஈரத்துணியால் துடைத்து, நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள். அடுப்படியிலோ வெயிலிலோ உலர்த்தினால் தோல் விறைத்து, பக்கிள் ஊசி போகும் துளைகளில் வெடிக்கும். நன்றாக உலர்ந்தபின் தோலுக்கான எண்ணெயை மிகக் குறைவாகத் தடவுங்கள். வாரை மடித்து, மடிப்பின் வெளிப்பக்கத்தில் வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தைத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். நைலான் வார் கிடைத்தால் நம் மலையோர ஊர்களுக்கு அதுவே நல்லது.

அயனியும் பலாவும் வெட்டும் நாளில் முள்ளிலும் பக்கிளிலும் பிசின் ஒட்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் அது இளகிவிடும். பிறகு எண்ணெய் மிச்சமில்லாமல் துடையுங்கள். மிதியில் எண்ணெய் தங்கினால் பூட்ஸ் வழுக்கும். பூட்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது: குதிகால் மேடும் உறுதியான அடிப்பாகமும் உள்ள பூட்ஸ் இல்லாமல் ஸ்பைக்கை மாட்டவே கூடாது, செருப்போடு மாட்டியவர்களின் பாதம் மிதியின்மேல் வளைந்து, அரை மணி நேரத்திலேயே வலியில் கவனம் சிதறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: குழித்துறைக் கரை

கூடலூர்க்காரர் சொன்னதோடு ஒன்றிரண்டைச் சேர்க்கிறேன். வேலை முடிந்ததும் முள்ளுக்கு உறை போட்டுவிடுங்கள். கயிறும் ஸ்பைக்கும் ஒரே சாக்கில் கிடந்தால் கயிற்றின் இழை அறுபடும். பாறையிலும் சிமென்ட் முற்றத்திலும் அதை மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். நடந்தால் காலையில் தீட்டிய கூர்மை பத்து அடியில் போய்விடும், கால் பிரண்டு அடுத்த காலில் குத்தவும் செய்யும். தண்டின் உயரத்தைச் சரிசெய்யும் திருகுகளையும், முள்ளைப் பிடித்திருக்கும் திருகுகளையும் ஒவ்வொரு காலையும் இறுக்கிப் பாருங்கள். தண்டின் மேல்முனை முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும்; மேலே போனால் மூட்டை இடிக்கும், மிகவும் கீழே போனால் கெண்டைக்காலை அழுத்தும்.

உங்களிடம் இப்போது இருக்கும் ஜோடியைக் கம்ப வேலைக்காரர் யாருக்காவது கொடுப்பதானால், முதலில் முள்ளின் அடிப்பக்க நீளத்தை அளந்துவிடுங்கள். நான் மேலே குறிப்பிட்ட அமெரிக்க விதிப்படி, கம்ப ஸ்பைக்கின் முள் ஒன்றேகால் அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 32 மில்லிமீட்டருக்கு, குறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. முள் தண்டோடு சேரும் மூலையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே மயிரிழை போன்ற விரிசல் ஒன்று தெரிந்தாலும் யாருக்கும் கொடுக்காமல், தண்டை இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.